நெடுவிளைச் சபையின் ஆறு படி

நெடுவிளைச் சபையார் அறுபத்து மூன்று பேரை ஒரே ஞாயிற்றுக்கிழமையில், அதுவும் ஆலயத்துக்குள் வைத்து, அதுவும் போதகரின் கையாலேயே கள் குடிக்க வைத்தவர் கோவில்குட்டி ரசலையன். இருபத்தாறு வருஷமாக அந்த ஆலயத்தைப் பெருக்கி, விளக்குத் துடைத்து, மணி அடித்து வந்த மனிதர். பன்னிரண்டாம் வயசில் மதுவிலக்கு உறுதிமொழியில் கைநாட்டு வைத்தவர். வைத்ததோடு நிற்காமல் அதை நம்பியும் விட்டவர். வினை அங்கேதான் பிடித்தது.

திருவிருந்துக்கான ரசத்தைக் காய்ச்சுவதும் அவர் வேலைதான். நெடுவிளை மதுவைத் தொடாத சபை. கடை ஒயின் உள்ளே வரக்கூடாது. நாகர்கோவிலிலிருந்து உலர்ந்த திராட்சை வரும். சனிக்கிழமை அதை ஊறவைத்துக் கொதிக்கவிட்டு, பிழிந்து வடித்து, பித்தளைப் பாத்திரத்தில் மூடிவைத்தால் ஞாயிறு காலை பந்தி. கொல்லம் ஆயிரத்து நூற்று ஆறாம் ஆண்டு மாசி மாதம் பித்தளைப் பாத்திரம் ஈயம் பூசப் போயிருந்தது. ரசலையன் பக்கத்து வீட்டுப் பனையேறி தங்கையனின் கொல்லைப்புறத்திலிருந்து ஒரு கலயம் எடுத்துவந்தார்.

பனையில் கட்டும் கலயத்தில் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி என்கிற பதநீர், தடவாவிட்டால் கள். தங்கையனிடம் இரண்டு வகையும் உண்டு. அக்கானிக் கலயம் கருப்பட்டி காய்ச்ச, மற்றது சர்க்கார் ஏலம் பிடித்த கள்ளுக்கடைக்கு. ரசலையன் இரண்டையும் நிமிர்த்திப் பார்த்தார். ஒன்றில் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருந்தது. மற்றது பளிச்சென்று இருந்தது. ஆண்டவருடைய பந்திக்கு அழுக்குக் கலயமா என்று பளிச்சென்று இருந்ததை எடுத்துக்கொண்டார்.

அப்போதும் ஒரே இரவோடு போயிருந்தால் ஒன்றும் நடந்திராது. ஞாயிறு காலை நாகர்கோவிலிலிருந்து ஆள் வந்தது. அங்கே பரிசுத்த ஜீவியத்தைப் பற்றிய கன்வென்ஷன் நடந்துகொண்டிருந்தது. போதகர் ஜெயசிங்கும் சபைச் செயலர் முத்துநாயகமும் அதற்குத்தான் போயிருந்தார்கள். ஒரு வாரத்தில் பரிசுத்தம் முடிந்தபாடில்லை, இன்னும் ஒரு வாரம் நீட்டியிருக்கிறார்கள், திருவிருந்து அடுத்த ஞாயிறு என்று சேதி. அத்தனை திராட்சையைக் கொட்ட மனம் வராமல் ரசலையன் கலயத்தின் வாயைத் துணியால் கட்டி ஆலயத்தின் உள்ளறையில் வைத்தார். எட்டாம் நாள் திறந்தபோது நுரைத்திருந்தது. கொஞ்சம் புளித்த வாடையும் வந்தது. திராட்சையை அவர் காய்ந்த கோலத்தில் தவிர வேறு கோலத்தில் பார்த்ததில்லை. இதுதான் அதன் சுபாவம் போல என்று நுரையை வழித்துவிட்டு வெள்ளிக் கிண்ணத்தில் ஊற்றினார்.

அன்றைய ஆராதனையைப் பற்றி நெடுவிளையில் யாரும் பிற்பாடு மனசாரப் பேசவில்லை என்றாலும், அப்படி ஓர் ஆராதனை அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. போதகர் முதலில் ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் நின்றார். பிறகு கிண்ணத்தை வரிசையில் கொடுத்தார். கிண்ணம் கைமாறக் கைமாற மடக்குகள் பெரிதாயின. இரண்டு தடவை உள்ளே போய் நிரப்பிக்கொண்டு வர வேண்டியிருந்தது. கடைசிப் பாட்டை நாலு அடிக்குப் பதில் ஏழு அடியும் பாடினார்கள். மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதிருந்த இரண்டு சம்பந்திகள் வாசலில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கன்வென்ஷன் பலன் கொடுத்துவிட்டது என்று செயலர் டைரியில் எழுதினார்.

திங்கட்கிழமை தங்கையன் கலயத்தைத் தேடி வந்தான். அடியில் கொஞ்சம் மீதி இருந்தது. மோந்து பார்த்துவிட்டு, "ஆரு அண்ணே, கோயிலுக்குள்ள கள்ளு வச்சது?" என்று கேட்டான்.

புத்தியுள்ள எவனும் அதைக் கொட்டிக் கழுவிக் கொடுத்திருப்பான். ரசலையன் கலயத்தைத் தூக்கிக்கொண்டு நேரே செயலர் வீட்டுக்கு ஓடினார்.

முத்துநாயகம் ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். மீன்காரியிடம் பேரம் பேசுவதும் மேடைத் தமிழில்தான். கன்வென்ஷனிலிருந்து அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை. 'சுத்திகரிப்பின் ஆறு படிகள்' என்று அச்சடித்த படிவம் ஒரு கட்டுக் கொண்டுவந்திருந்தார். அதை யார்மேல் பயன்படுத்துவது என்று தெரியாமல் இருந்தார். புதன்கிழமையே ஐந்து பேர் கொண்ட பரிசுத்த ஜீவியக் கமிட்டி கூடியது. போதகர் தலைவர்.

முதல் கேள்வியிலேயே கமிட்டி மாட்டிக்கொண்டது. குடித்தது கள்தானா என்று யாராவது சாட்சி சொல்ல வேண்டும். அறுபத்து மூன்று பேரில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். கள் என்று தெரிந்தது என்றால், கள்ளின் ருசி எப்படித் தெரியும் என்பது அடுத்த கேள்வி. எல்லோரும் உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்கள். ஆகவே கொஞ்சம் இனித்தது என்றார்கள், கொஞ்சம் உறைத்தது என்றார்கள், ஆவியானவரின் அசைவு என்று நினைத்தோம் என்று ஒரு அம்மாள் சொன்னாள். நெடுவிளையைச் சுற்றி ஆயிரம் பனை நிற்கிறது. கள்ளின் ருசி தெரிந்த ஒரு கிறிஸ்தவன் அங்கே இல்லை.

கடைசியில் கள்ளுக்கடைக்காரர் தாணுமாலயனையே வரவழைத்தார்கள். நல்ல மரியாதை தெரிந்த மனுஷன். செருப்பை வெளியே விட்டு வந்து, ஐந்து பேரையும் வாழ்க்கையில் முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்து, ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டுக் கும்பிட்டார். ஒருவரிடம் இரண்டு தடவை கேட்டார், அவ்வளவு கவனம். மீதியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார்.

"கள்ளுதான். ஆனா இத நம்ம கடையில வச்சு விக்கப்பிடாது. பதம் வரல்ல. இன்னும் ரெண்டு நாளு கெடக்கணும்."

"ஒரு நாளு போதும்" என்றார் கமிட்டி அங்கத்தினர் ஒருவர், யோசனையில் இருந்தபடியே.

அது குறிப்பேட்டில் ஏறவில்லை. மற்றதெல்லாம் ஏறியது. தீர்ப்பைச் செயலர் எழுந்து நின்று வாசித்தார். அறியாமல் குடித்தவர்கள் குடித்தவர்கள் அல்லர். அறியாமல் கொடுத்தவனோ கொடுத்தவனே. ஆகையால் ரசலையன் திருவிருந்திலிருந்து விலக்கப்பட்டு, ஆறு படிகளிலும் ஏறி முடிக்கும்வரை சபையின் நற்சாட்சி இல்லாதவராக இருப்பார்.

ரசலையன் தலையைச் சொறிந்தார். "சார், எனக்கொண்ணு வெளங்கல்ல. நான் செய்தது பாவமா, பிசகா?"

"அது ஆறாம் படியில் உமக்கே விளங்கும்" என்றார் முத்துநாயகம்.

ரசலையன் போதகரைப் பார்த்தார். போதகர் ஜன்னலைப் பார்த்தார். "ஜெபிச்சுக்கிட்டுப் பாப்போம், ரசலையா" என்றார்.

நற்சாட்சி போனதில் ரசலையனுக்குத் தனக்காக ஒரு கவலையும் இல்லை. மகள் செல்லத்தாய்க்குக் கலியாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ரத்தினம் இலங்கையில் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராகப் போகிறவன். சித்திரையில் தூத்துக்குடியில் கப்பல். அதற்குள் தாலி கட்டினால் இருவருமாகப் போவார்கள். இல்லாவிட்டால் அவன் திரும்பி வர மூன்று வருஷம். மூன்று வருஷம் காத்திருக்க மாப்பிள்ளை வீட்டார் தயார் என்று சொல்லவில்லை. வேறு இரண்டு இடங்கள் கைவசம் இருக்கின்றன என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். கலியாண அறிக்கையை ஆலயத்தில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். பெண்ணின் தகப்பன் நற்சாட்சியில் இருந்தால்தான் வாசிப்பார்கள். எண்ணிப் பார்த்தால் ஆறு படிக்கும் சேர்த்து ரசலையன் கையில் நாலு வாரம் இருந்தது.

ஏற ஆரம்பித்தார்.

முதல் படி துக்கம். துக்கம் இருக்கிறதா என்று பார்க்கக் கமிட்டியில் இருவர் முன்னறிவிப்பு இல்லாமல் மத்தியானம் வந்தார்கள். ரசலையன் மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தின்றுகொண்டிருந்தார். வந்தவர்களுக்கும் இலை போட்டாள் மனைவி ஞானபாய். மூவரும் சாப்பிட்டார்கள். போகும்போது, 'குழம்பு இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்; துக்கம் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். குழம்பை மூன்றாம் முறை கேட்டது யார் என்று எழுதவில்லை. அடுத்த தடவை அவர் பட்டினி கிடந்து, ஆலயத்தின் முன் பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாக அழுதார். நிஜமாகவே அழுதார்; மகளை நினைத்தால் வராதா? 'மனுஷர் காண அழுகிறார். துக்கத்தில் பெருமை கலந்திருக்கிறது' என்று அதற்கும் எழுதினார்கள். மூன்றாம் தடவை என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருந்தார். தேறிவிட்டார்.

இரண்டாம் படி பாவக் குறிப்பேடு. தினம் ஒரு பாவத்தை எழுதி ஞாயிறுதோறும் காட்ட வேண்டும். அவருக்கு எழுத வராது, செல்லத்தாய் எழுதினாள். கல்லெறிந்து நாயை விரட்டியது, ஜெபத்தில் தூங்கியது, தங்கையனின் வேலியோரத்து முருங்கைக்காய் என்று ஐந்து நாள் ஓடியது. ஆறாம் நாள் ஒன்றும் அகப்படவில்லை. வெறும் தாளைக் காட்டியபோது, பாவமில்லை என்று சொல்லும் சுயநீதி மற்றெல்லாப் பாவத்திலும் பெரியது என்று ஒரு வாரத்தைத் தள்ளுபடி செய்தார் செயலர். ரசலையன் தங்கையனிடம் போய், கடனாக ஒரு பாவம் கிடைக்குமா என்று கேட்டார். தங்கையனுடையதெல்லாம் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தது.

ஞானபாய்தான் கைகொடுத்தாள். "ஏட்டி செல்லத்தாயி, பேனாவ எடு. ஒனக்க அப்பன் கலியாணங்கழிஞ்ச மூணாம் நாளு எங்க அம்மையப் பாத்து என்ன சொன்னாருன்னு சொல்லுகேன்" என்று ஆரம்பித்தாள். இருபத்து மூன்று வருஷத்தையும் தேதியோடு வைத்திருந்தாள். அந்த வாரம் குறிப்பேடு நிரம்பி வழிந்தது. ரசலையன் இரண்டு நாள் வீட்டுக்கு வெளியே படுத்தார்.

இதற்கிடையில் மணி ஒரு சிக்கலாக வந்தது. படியில் நிற்பவன் ஆலயத்துக் கயிற்றைத் தொடக்கூடாது. ஆனால் வேறு யார் இழுத்தாலும் மணி ஒரு தடவை அடித்து நின்றுவிடும். அதன் மனசு ரசலையனுக்குத்தான் தெரியும். கமிட்டி ஒன்றரை மணி நேரம் ஆலோசித்தது. கயிற்றின் மேல்பகுதியைச் செயலர் பிடித்துக்கொள்வது, கீழ்ப்பகுதியை ரசலையன் இழுப்பது, வரும் சத்தம் செயலருடையது என்று முடிவானது. ஞாயிறுதோறும் காலையில் முத்துநாயகம் ஸ்டூலில் ஏறி நின்று கயிற்றோடு ஆடியதை மற்ற ஜாதிக்காரர்களும் வந்து வேலிக்கு அப்பால் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மூன்று, நாலு, ஐந்து படிகளை எப்படி ஏறினார் என்று ரசலையனுக்கே பிற்பாடு ஞாபகமில்லை. எங்கெங்கோ முழங்காலில் நின்றார். எதெதற்கோ ஆமென் சொன்னார். ஒவ்வொரு படியிலும் அதே கேள்வியைக் கேட்டார். செயலர் ஆறாம் படியைக் காட்டினார். போதகர் ஜெபிச்சுக்கிட்டுப் பாப்போம் என்றார். போதகர் முன்பு அப்படியில்லை. திருவிருந்து நாளிலிருந்து மனுஷன் மெலிந்துபோயிருந்தார்.

ஆறாம் படிக்கு நாலாவது சனிக்கிழமை மத்தியானம் சபை கூடியது. மறுநாள் அறிக்கை வாசிக்கத் தொடங்காவிட்டால் மாப்பிள்ளை தனியாகத்தான் கப்பலேறுவான். ஆறாம் படியில் ஒன்றும் பெரிதாக இல்லை, ஒரே ஒரு கையெழுத்து. முத்துநாயகம் படிவத்தின் கடைசி வரியை முதல்முறையாக உரக்க வாசித்தார்: சாட்சிக் கையெழுத்திடுபவர், வெறிகொள்ளச் செய்யும் பானத்தை அறிந்தோ அறியாமலோ ஒருக்காலும் தொடாதவராயிருக்க வேண்டும்.

அறிந்தோ என்பதில் சிலர் விழுந்திருந்தார்கள். அறியாமலோ என்பதில் எல்லோரும் விழுந்தார்கள்.

யாரோ சத்தியபாயின் பேரைச் சொன்னார்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் கொடுக்கிறவள் சத்தியபாய். அந்த ஞாயிறு அவள் ஆராதனைக்கு வரவில்லை. பூதப்பாண்டிப் பக்கம் சண்முகவடிவு என்கிற பெண்ணுக்குப் பிரசவம் இரண்டு நாளாக இழுத்துக்கொண்டிருந்தது, கூடவே இருந்துவிட்டாள். சபையில் அந்தக் கிண்ணத்தில் வாய் வைக்காத ஒரே ஜீவன்.

"தாள இஞ்ச கொண்டாருங்க, போடுகேன்" என்று எழுந்தாள் சத்தியபாய்.

முத்துநாயகம் கையை உயர்த்தினார். காரணமில்லாமல் திருவிருந்துக்கு வராதவர்களும் முதல் படியில் நிற்பவர்களே என்று படிவத்தின் பின்பக்கத்தில் இருந்தது. பிரசவம் ஒரு காரணம்தான். ஆனால் அது சத்தியபாயுடைய பிரசவம் அல்லவே. ஆகையால் கமிட்டி முதலில் அவளைச் சுத்திகரிக்க வேண்டும். கமிட்டியோ அறியாமல் குடித்திருக்கிறது. ஆகையால் அவள் முதலில் கமிட்டியைச் சுத்திகரிக்க வேண்டும்.

"அப்பம் யாரு முதல்ல யாரக் களுவணும், சார்?" என்றாள் சத்தியபாய். "சொன்னியன்னா, அதுக்குத் தக்க நிக்கலாம்."

சிலர் சிரித்தார்கள். முத்துநாயகம் சிரிக்கவில்லை. அவர் அன்று பேசியது நெடுவிளையில் வெகுநாள் பேசப்பட்டது.

"சகோதரரே, பரிசுத்தம் விளையாட்டு அல்ல. அதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும், படி வேண்டும், படிவம் வேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் என்ன ஆகும்? வழியில் போகிற எவனும் ஒரு நல்ல காரியத்தைச் செய்துவிட்டுப் பரிசுத்தவானாகிவிடுவான். எவள் வேண்டுமானாலும் இரண்டு ராத்திரி ஒரு நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுச் சுத்தமாகிவிடுவாள். அப்புறம் கமிட்டி எதற்கு? நான் நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இருந்தவன். தேறுகிறவனை நான் கண்டதில்லை என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் தேறுகிற பரீட்சையை ஒருவனும் மதிக்கமாட்டான்."

இந்தச் சிக்கலை ஆராய மூன்று பேர் கொண்ட உபகமிட்டி போடப்பட்டது. வைகாசியில் கூடும் என்று முடிவு செய்து ஜெபத்தோடு கலைந்தார்கள். போகிற வழியில் தாணுமாலயனின் கடைப்பக்கமாகத் திரும்புகிறவர்கள் திரும்பினார்கள்.

ரசலையன் ஜன்னல்களைச் சாத்தினார். பெஞ்சுகளை நேராகப் போட்டார். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. வாசலில் செல்லத்தாய் நின்று எட்டிப் பார்த்து, அப்பாவின் முதுகைப் பார்த்தே விஷயத்தைத் தெரிந்துகொண்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

உள்ளறையில் போதகர் அங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். ரசலையன் நிலைப்படியில் நின்றார். கோபப்படலாம் என்றுதான் வந்தார். ஆனால் கோபத்துக்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருந்தது.

"அய்யா, வெளியேத்தணுமுன்னா வெளியேத்துங்க. கோயிலுக்குட்டி வேலையும் வேண்டாம். எனக்கு ஒரே ஒரு காரியந்தான் தெரியணும். நாலு வாரமா கேக்கேன். நான் செய்தது பாவமா? எனக்க பிள்ளைக்க கலியாணம் முடங்குத அளவுக்கு அது பாவமா?"

போதகர் வாயைத் திறந்தார். ஜெபிச்சுக்கிட்டு என்று வரும் என ரசலையன் எதிர்பார்த்தார். வரவில்லை.

"உள்ள வந்து இரியும்" என்றார் போதகர்.

ரசலையன் போதகருக்கு எதிரில் இதுவரை உட்கார்ந்ததில்லை. உட்கார்ந்தார்.

"நான் படிக்கப் போறதுக்கு முன்ன எங்க அப்பாகூட பனமூட்டுல நின்னவன், ரசலையா. கலயம் எறக்கி எறக்கி வாங்குனவன். அண்ணைக்கு முதல் மடக்கிலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"பொறவு ஏன் அய்யா எல்லாருக்கும் குடுத்திய?"

"நிறுத்துனா, எப்படித் தெரியும்னு முத்துநாயகம் சார் கேப்பாரு. அத்தன பேரு முன்ன, நான் கள்ளெறக்குனவனுக்க மகன்னு சொல்லணும். அதுக்கு வெக்கப்பட்டு அறுபத்திரெண்டு பேருக்குக் குடுத்தேன். கமிட்டியில உண்மையச் சொல்லியிருக்கலாம். அதுக்கும் வெக்கப்பட்டு ஒம்மப் படியேற வச்சேன்." அவர் அங்கியின் ஓரத்தை மடித்து மடித்து விரித்தார். "ஒமக்குத் தெரியாது. தெரியாதவன் செய்ததுல பாவமில்ல. தெரிஞ்சு குடுத்தவன் நான்."

ரசலையனுக்கு இப்போதாவது கோபம் வந்திருக்க வேண்டும். நாலு வாரப் பட்டினி, ஞானபாயின் இருபத்து மூன்று வருஷக் கணக்கு, ஸ்டூலில் நின்று ஆடிய முத்துநாயகம் எல்லாம் ஞாபகம் வந்தது. எதிரே இருந்த மனுஷனின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. சரியாகச் சாப்பிடுகிறாரா என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. ஒரு கேள்விக்குத்தான் இன்று தெம்பிருந்தது.

"அப்பம் நாளைக்கி எனக்க பிள்ளைக்க அறிக்கைய வாசிப்பியளா, மாட்டியளா?"

"கமிட்டி கேட்டா, நான் இப்பம் ஒம்மகிட்ட சொன்னத அவங்கள்ட்டயும் சொல்லுவேன்."

"அது பொறவு, அய்யா. வாசிப்பியளா?"

"வாசிப்பேன்" என்றார் போதகர்.